கத்திரி ரேட்டு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவள் கத்திரி. வாசல் காவலாளி முதல் பெரிய மேனேஜர் வரை அப்படித்தான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே வந்தால் மட்டும் "மேடம்" என்று குழைவார்கள். இது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன? தன் பெயரைக் கேட்டுத் தேள் வெட்கப்பட்டதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா?

கோபுரங்களைப் பராமரிக்கிற கம்பெனி அது. இஞ்சினியர்களும் மெக்கானிக்குகளும் வெளியூர் போய், தொலைத்தொடர்புக் கோபுரங்களில் ஏறி இறங்கிவிட்டு வந்து, ஆன செலவுக்குப் பில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பில் முதல் மாடியில், ஜன்னலோர மேஜையில், அவள் முன்னால் வந்து விழும். இருபத்தாறு வருஷமாக அவள் செய்த வேலை, அதில் சிவப்புக் கோடு போடுவது. ரசீதில் முத்திரை மங்கலா, ஒரு கோடு. டீக்கு மூன்று முறை காசு கேட்டிருக்கிறானா, ஒரு கோடு. கல்லிலே நார் உரிப்பாள் என்பார்கள். உரித்த நாரைக் கம்பெனிக் கணக்கில் வரவு வைப்பாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்காக அவளை மட்டும் அரக்கி ஆக்கிவிட வேண்டாம். எதிர்ப்பக்கம் நின்றவர்கள் என்ன பத்தரைமாற்றுத் தங்கமா? அவள் பாதியை வெட்டுவாள் என்று தெரிந்து அவர்கள் இரண்டு மடங்கு எழுதினார்கள். அவர்கள் இரண்டு மடங்கு எழுதுகிறார்கள் என்று தெரிந்து அவள் பாதியை வெட்டினாள். தாடி என்று ஒரு இஞ்சினியர். ஒரு தோள்பையோடு ஊருக்குப் போகிற ஆள், வருஷம் முழுக்கச் சுமைகூலி எழுதினார். அவர் பில்லில் சுமந்த மூட்டைகளையெல்லாம் அடுக்கினால் அவர் ஏற வேண்டிய கோபுரத்தைவிட உயரமாக நிற்கும். திருடனும் போலீசும் ஒரே சட்டப்புத்தகத்தைப் படித்தால் எப்படியோ, அப்படி நடந்தது அந்த செக்‌ஷன்.

கம்பெனிக்கு வடகோடியில் ஒரு கோபுரம் உண்டு. வரைபடத்தில் சாலைக்கோடு முடிந்து, அதற்கு மேல் வெள்ளையாக விட்டிருப்பார்களே, அங்கே. கடைசி ரயில் நிலையத்தில் இறங்கி, பதினோரு மணி நேரம் பஸ்ஸில் போய், ஒரு ஏரியைக் கடக்க வேண்டும். கோடையில் படகு. குளிர்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும், அதன்மேல் வண்டியே ஓடும். அக்கரையில் ஒரே ஒரு தங்கும் விடுதி. இவ்வளவும் அவளுக்கு மனப்பாடம். ஒருநாளும் போனதில்லை. எல்லாம் பில்லில் படித்ததுதான்.

அந்த விடுதிக்கு ஒரு நாளைக்கு முந்நூற்றைம்பதுதான் என்று சர்க்குலர் போட்டவளும் அவள்தான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பில் வந்தது. அறை வாடகை முந்நூற்றைம்பது. விடுதியின் முத்திரை பளிச்சென்று இருந்தது. மற்றவர்கள் எல்லாம் அறுநூறு, எழுநூறு என்று எழுதிக்கொண்டிருந்த நேரம். பில் கொடுத்தவர் பொய் எழுதமாட்டார் என்பது அவளுக்குக் கண்டிப்பாகத் தெரியும், ஏனென்றால் அந்த மெக்கானிக் அவளைத் தாலி கட்டிக் கூட்டிவந்தவர். அன்றே சர்க்குலர் அடித்து ஒட்டினாள். முந்நூற்றைம்பதுக்கு மேல் பைசா கிடையாது. வெந்நீருக்கு விடுதியில் பக்கெட் கணக்கில் தனிக்காசு வாங்குகிறார்கள் என்றார்கள். "வெந்நீர்: ஆடம்பரம்" என்று எழுதிக் கோடு போட்டாள். அந்த ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் விழாது, ஐஸ்தான் விழும் என்று தாடி வந்து கத்தினார். "உருகினதும் குளிங்க" என்றாள். விலைவாசி ஏறியது. சர்க்குலர் ஏறவில்லை.

அவள் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கம்பெனி ஒரே ஒரு முறை விடுமுறைப் பயணச் செலவு கொடுக்கும், துணையோடு, கம்பெனிக்குக் கிளையோ கோபுரமோ இருக்கிற எந்த ஊருக்கும். எஸ்டிமேட் போட்டு, ஃபாரத்தில் இரண்டு பேரும் கையெழுத்திட்டு, அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் போச்சு. வருகிற காசை விடுகிற ஜென்மமா அவள்? ஆனால் காசு மட்டும் காரணம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஏரியைப் பார்க்க அவளுக்கு ஆசை இருந்தது. "ஏரி கடந்த வகையில்" என்று ஊரான் எழுதினதை இருபத்தாறு வருஷம் படித்துப் படித்து வெட்டியவளுக்கு, ஒருமுறையாவது தானே கடந்துவிட வேண்டும் என்று இருந்தது. தனியாக அல்ல, ரிட்டயராகி வீட்டில் இருந்த கணவரோடு. இதை அவள் அவரிடம் ஆசையாகச் சொல்லியிருந்தால் கதை வேறு. அவள் எஸ்டிமேட்டாகச் சொன்னாள்.

வீட்டில் ஒரே மேஜை. சாப்பாடும் அதில்தான், கணக்கும் அதில்தான். சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. அவர் சுவர் ஓரமாக, வலது தோள் சுவரில் படும்படி உட்காருவார். அவள் அவருக்கு இடது கைப் பக்கம். இருபது வருஷமாக அதே இடம். அவருக்கு இடது காது கேட்காது, சுத்தமாக. வயசாகிவிட்டது, அதனால்தான் என்று அவர் சொல்லியிருந்தார். காது மந்தமாக ஆரம்பித்தபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பில்லில் வராத விஷயம்.

"மொத்தம் பதினோராயிரத்து இருநூத்தி நாப்பது" என்றாள் அவள், பேப்பரை அவர் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளி. "ரயில், பஸ், ஏரி, ஆறு நாள் ரூம், எல்லாம் சேத்து. இதைவிடக் கம்மியா எவனாலயும் போட முடியாது."

அவர் பேப்பரைக் கையால் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

"ரூம் முன்னூத்தம்பதா?"

"அதான் ரேட்டு."

"வெந்நீர் எங்க?"

"ரெண்டு பேருக்கும் சேத்து ஆறு நாளைக்கு நான் ஒரு கெட்டில் எடுத்துட்டு வரேன்."

"நான் வரல" என்றார் அவர்.

"ஏன்?"

"உன் பட்ஜெட்டுல நான் எங்கயும் வரமாட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நீ வேணா போ."

அவ்வளவுதான். எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு வழக்கம். சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் எழுந்து போய்விடுவார், மிச்சச் சண்டையை இவள் சுவரோடுதான் போட வேண்டும். "எதுன்னு சொல்லிட்டுப் போங்க! செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி எத்தனை வருஷம் நான் ஊதறது?" என்று கத்தினாள். அவர் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தார். கீழ்வீட்டில் டிவியைக் குறைத்தார்கள், இவர்கள் சண்டை நன்றாகக் கேட்கட்டும் என்று.

மறுநாள் காலையிலும் அதே. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

"பன்னெண்டு குளிர்காலம் போனீங்க. கம்பெனி போகச் சொன்னா போனீங்க. நான் கூப்பிட்டா கசக்குதா?"

"கசக்குது."

"அங்க யாராவது இருக்காங்களா?"

அவர் பிரஷ்ஷை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சிரித்திருக்கலாம், இல்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யாமல், "இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

வடக்கே போய்விட்டு வரும்போதெல்லாம் இவர் பத்து நாள் பேசாமல் கிடந்தது, விடுதியைப் பற்றி ஒரு வார்த்தை வாய் திறக்காதது, எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. ரசீது ஒன்றோடொன்று ஒத்துப்போனால் அவளுக்குச் சந்தேகம் வரும். இதெல்லாம் நன்றாக ஒத்துப்போயிற்று. விடுதிக்கே போன் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அறை பதிவு செய்ததுபோலவும் ஆச்சு, ஆழம் பார்த்ததுபோலவும் ஆச்சு.

மதியச் சாப்பாட்டு வேளை. செக்‌ஷனில் மற்றவர்கள் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். கம்பெனி போனில் சொந்த வேலையாகப் பேசக் கூடாது என்பதும் அவள் போட்ட விதி. ஆகவே தன் கைபேசியில்தான் போட்டாள். எடுத்தது ஒரு பெண்குரல். நல்ல கட்டைக்குரல், பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தம்.

"ரூம் வேணும். ரெண்டு பேர், ஆறு நாள்" என்று சொல்லி, கம்பெனிப் பெயரையும் சொன்னாள்.

"கம்பெனி ஆளா? சரி, சரி. நல்ல ரூமா, கத்திரி ரேட்டா?"

அவளுக்குக் காதில் விழுந்தது. நம்பத்தான் முடியவில்லை.

"கத்திரி ரேட்டுன்னா?"

"அட, புது ஆளா நீங்க? உங்க ஆபீசுல ஒரு பொம்பள இருக்காளாமே, எதைக் குடுத்தாலும் வெட்டுவாளாமே, அவ ரேட்டு. முன்னூத்தம்பது. அந்தக் காசுக்கு எங்கிட்ட ஒரு இடம் இருக்கு. அதுக்கு மட்டும் நான் இன்னிக்கு வரைக்கும் விலை ஏத்தல. யாரு படுக்கப் போறா?" விடுதிக்காரி தன் ஜோக்குக்குத் தானே சிரித்தாள். "நல்ல ரூம் ஆயிரத்து நானூறு. வெந்நீர் பக்கெட் அம்பது."

"அந்த முன்னூத்தம்பது இடம் எப்படி இருக்கும்?"

"ரூம்னு சொன்னா பாவம் வரும். ஜெனரேட்டர் வெச்சிருக்கிற கொட்டாய். குழாய் உறையாம இருக்க ராத்திரி முழுக்க அது ஓடணும். அதுக்குப் பக்கத்துல ஒரு கட்டில். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மெஷின், காலை நீட்டினா கதவு. ஒரு சௌகரியம், சூடா இருக்கும். காதுதான் போயிடும்."

"யாரும் படுத்ததே இல்லையா?"

"உங்க ஆளுங்க எல்லாம் கெட்டி. நல்ல ரூம்ல படுத்துட்டு, எங்கிட்டயே வெத்து ரசீது நாலு வாங்கிட்டுப் போயி, மூட்டை தூக்கினேன் மண்ணைத் தூக்கினேன்னு எழுதிக்குவாங்க. ஒரே ஒரு ஆளுதான். மெக்கானிக் அண்ணன். பன்னெண்டு வருஷம் வந்தாரு, பதினோரு வருஷம் அங்கதான் படுத்தாரு. நடுவுல ஒரு வருஷம் மட்டும் நல்ல ரூம். அண்ணே, நான் ஒரு ரசீது போட்டுத் தரேன், ரெண்டு பக்கெட் வெந்நீராவது ஊத்திக்கங்கன்னு சொன்னா கேக்கமாட்டாரு. பொய் ரசீது வேணாம்மான்னுவாரு. இடது காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுப் படுப்பாரு. கடைசி ரெண்டு வருஷம் பஞ்சும் தேவைப்படல." பாத்திரச் சத்தம் நின்றது. "அவரு நல்லா இருக்காரா? ரிட்டயர் ஆயிட்டாருன்னு சொன்னாங்க."

"நல்லா இருக்காரு" என்றாள் கத்திரி.

"அந்தப் பொம்பளையைத் திட்டுங்கண்ணே, மனசாவது ஆறும்னு எவ்வளவோ சொல்லியிருக்கேன். ஒரு வார்த்தை திட்ட விடமாட்டாரு. அவ வேலை அது, அவ செய்யறான்னுவாரு. நீங்க பாத்திருக்கீங்களா அவளை? எப்படி இருப்பா?"

"சாதாரணமாத்தான் இருப்பா" என்று சொல்லி, அறையைப் பற்றி அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அங்கே வேறு ஒருத்தி இருந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவளையாவது திட்டலாம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

"ஜெனரேட்டர் ரூம்ல படுத்தீங்களா?"

அவர் மேஜை ஓரம் உட்கார்ந்து ஒரு பழைய ஃபேன் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். "யார் சொன்னா?"

"விடுதிக்காரி. ஏன் எங்கிட்ட சொல்லல?"

இங்கேதான் அவர் கோபப்பட்டார். முப்பது வருஷத்தில் அவர் கோபப்பட்டு அவள் பார்த்தது மிகக் குறைவு. கத்தவில்லை. எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்பு டூல் பெட்டியை இழுத்தார். மேல்தட்டைத் தூக்கிவிட்டு, ஸ்பேனர்களுக்கு அடியிலிருந்து கிளிப் போட்ட ஒரு காகிதக் கட்டை எடுத்து, மேஜையில் அவள் முன்னால் போட்டார். அவள் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிய பில் பிரதிகள். பன்னிரண்டு.

"சொன்னேன். பன்னெண்டு தடவை எழுதியே குடுத்தேன். நீதான் கோடு போட்டே."

அவள் உட்கார்ந்து புரட்டினாள். முதல் பில், அறை முந்நூற்றைம்பது. அதுதான் சர்க்குலருக்குக் காரணமான பில். குறிப்பு என்கிற கட்டத்தில் அவர் எழுத்து: "விடுதி நிறைந்துவிட்டதால் மெஷின் அறையில் தங்கினேன்." தொகையை மட்டும் பார்த்திருக்கிறாள், குறிப்பைப் படிக்கவில்லை. தொகைக்குப் பக்கத்தில் டிக். இரண்டாவது பில், அறை அறுநூறு. வெட்டி முந்நூற்றைம்பது. மூன்றாவதில் காது மருந்து அறுபது என்று ஒரு வரி. சிவப்பில்: "பயணத்துடன் தொடர்பில்லாத செலவு." அவள் கையெழுத்துத்தான். ஐந்தாவதில், குறிப்புக் கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார்: "இடது காது சரியாகக் கேட்கவில்லை. வேறு அறைக்கு அனுமதி தரவும்." அதற்குக் கீழே, அவளுடைய அழகான முத்து எழுத்தில்: "கோரிக்கைகளைப் பில்லில் எழுதக் கூடாது. தனிக் கடிதம் தேவை."

எழுதிய ஞாபகமே அவளுக்கு இல்லை. மாதம் முந்நூறு பில். எதிலும் பெயர் இருக்காது, ஊழியர் எண்தான் இருக்கும். இந்தப் பன்னிரண்டில் இருந்த எண் யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தே வெட்டியிருக்கிறாள். வீட்டுக்காரருக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு பயல் பேசிவிடக் கூடாது அல்லவா? மற்றவர்களுக்கு ஒரு கோடு என்றால் இவருக்கு ஒன்றரைக் கோடு.

"தனிக் கடிதம் போட்டிருக்கலாமே" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"யாருக்கு? அதுவும் உன் டேபிளுக்குத்தான் வரும்." அவர் மறுபடி மோட்டாரை எடுத்துக்கொண்டார். "வாயால வீட்டுக்காரிகிட்ட சொல்லணும், பேப்பர்ல ஆபீசுக்குச் சொல்லணும். ரெண்டும் நீ. நான் எங்க போவேன்?"

"கைக்காசு போட்டு நல்ல ரூம் எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்தேனே, ரெண்டாவது வருஷம். ஒன்பது நாள். அந்த மாசம் சம்பளக் கவர்ல பணம் குறையுதுன்னு நீ போட்ட சண்டை மறந்து போச்சா? குடிச்சீங்களா, சீட்டாடினீங்களா, எவளுக்குக் குடுத்தீங்கன்னு மூணு நாள் கேட்டே. பிரிக்காம கவரைக் குடுக்கிறவன் எந்தக் கைக்காசைப் போடறது?"

"மத்தவங்க மாதிரி ரெண்டு சுமைகூலி எழுதியிருந்தா நான் பாதி வெட்டியிருப்பேன். பாதி கிடைச்சிருக்கும்."

அவர் ஸ்க்ரூவை விரலால் உருட்டினார். பிறகு, "உன் கையெழுத்து விழற பேப்பர்ல பொய் எழுத மனசு வரல" என்றார். உடனே, அப்படிச் சொல்லிவிட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டவர்போல, "என் முட்டாள்தனம் அது. போ, போயி முகத்தைக் கழுவு" என்றார்.

அவள் அழுதாள் என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். அவள் அழவில்லை. தன் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம்போல் இருந்தது, அவ்வளவுதான். முகம் கழுவிக்கொண்டு வந்து, பழைய எஸ்டிமேட்டைக் கிழித்துப்போட்டு, புதிதாக எழுதினாள். அறை ஆயிரத்து நானூறு. வெந்நீர் ஆளுக்கு ஒரு பக்கெட். பஸ்ஸுக்கு உள்ளபடி, ஏரிக்கு உள்ளபடி. மொத்தம் இருபதாயிரத்தைத் தாண்டியது. பைசா கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் வாழ்நாளில் பார்த்த பேப்பர்களில் முழுக்க நிஜமான கணக்குகள் இரண்டு பேர் எழுதியவைதான். ஒன்று இது. மற்றது அந்தப் பன்னிரண்டு.

வியாழக்கிழமை அதை முறைப்படி செக்‌ஷனில் கொடுத்தாள். தன் பில்லைத் தானே பாஸ் செய்யக் கூடாது. அடுத்த இடத்தில் இருந்தவளிடம்தான் போக வேண்டும். அவளைச் சின்னக் கத்திரி என்பார்கள். எட்டு வருஷம் பக்கத்தில் உட்காரவைத்து இவளே பழக்கினது. சிவப்புப் பேனாவை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது வரை.

மதியம் ஃபாரம் திரும்பி வந்தது. அறை வெட்டு. வெந்நீருக்கு எதிரே "ஆடம்பரம்." பஸ் பாதி. கீழே கூட்டுத்தொகை: பதினோராயிரத்து இருநூற்று நாற்பது. அவள் கிழித்துப்போட்ட அதே தொகை, ஒரு பைசா பிசகாமல்.

"என்னம்மா இது?" என்று கேட்டாள்.

"சர்க்குலர்படிதான் மேடம்." சின்னக் கத்திரியின் முகத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும், அவ்வளவு மரியாதை. "வேற ரேட்டு வேணும்னா சர்க்குலரை மாத்தணும். மாத்தறதுக்கு மூணு மாச நோட்டீஸ் குடுக்கணும்னு நீங்கதான் எழுதி வெச்சிருக்கீங்க."

செக்‌ஷன் முழுக்கத் தலை குனிந்து வேலை பார்த்தது. அந்த ஆபீசில் அப்படி ஒரு மும்முரத்தை அவள் கண்டதில்லை. தாடி ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து, கதவில் சாய்ந்து நின்றார். "மேடம், ஒரு யோசனை. சுமைகூலி எழுதிப் பாருங்களேன்" என்றார். யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். மறைக்கக்கூடச் சிரமப்படவில்லை மற்றவர்கள். இருபத்தாறு வருஷப் பகை ஒரு மத்தியானத்தில் வட்டியோடு கைக்கு வந்த சந்தோஷம். அவள் மட்டும் என்ன செய்வாள்? அவர்கள் இடத்தில் இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவர் வழக்கமான இடத்தில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஃபாரத்தை முன்னால் வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். வெந்நீர் வரியில் அவர் உதடு லேசாகக் கோணியது.

"உன்கிட்டயே வெந்நீரை வெட்டிட்டாளா?"

"ம்."

"கெட்டிக்காரி. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கே." பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, இருமல் வருகிற வரை சிரித்தார். "அப்போ போன் போட்டு, ஜெனரேட்டர் கொட்டாய் காலியா இருக்கான்னு கேளு."

அவள் மேஜையில் கிடந்த நீலப் பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டு, ஃபாரத்தின் அடிக்குப் போனார். அங்கே ஒரு வரி அச்சடித்திருந்தது. 'குறைக்கப்பட்ட தொகையை முழு மனதுடன் ஏற்றுக்கொள்கிறேன்.' அதுவும் அவள் எழுதிக் கொடுத்த வாசகம்தான். பிற்பாடு எவனும் வந்து தகராறு செய்யக் கூடாது என்று எல்லா ஃபாரத்திலும் சேர்த்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வரிக்குக் கீழ பன்னெண்டு தடவை கையெழுத்துப் போட்டுட்டேன். முழு மனசோட. பதிமூணாவது கிடையாது."

நாளைக்கு வெள்ளிக்கிழமை. கையெழுத்து இல்லாவிட்டால் பதினோராயிரமும் இல்லை, கம்பெனி கொடுக்கிற ஒரே ஒரு பயணமும் இல்லை. போடச் சொல்லி அவள் வற்புறுத்தலாம், அழலாம், கத்தலாம். அவளுக்கு எல்லாம் வரும்.

பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்த வரியின்மேல், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை, ஸ்கேல் வைத்ததுபோல் நேராக ஒரு கோடு போட்டாள். ஃபாரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அது செல்லாது. அதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயுசில் அவள் போட்ட கோடுகளில் அவளுக்கே நஷ்டமான கோடு அது ஒன்றுதான்.

"கைக்காசு போடறேன்" என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன?"

நிஜமாகவே கேட்கவில்லையா, கொழுப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். வேறு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே நின்று சங்கு ஊதியிருப்பாள். இன்றைக்கு அவருடைய வலது பக்கத்துக்குப் போகப் பார்த்தாள். வலது பக்கம் சுவர். மேஜையின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். இருபது வருஷமாக நகராத மேஜை, கால் நான்கும் தரையில் கீறிக்கொண்டு கிறீச்சென்று கத்தியது. கீழ்வீட்டில் டிவியைக் குறைத்தார்கள். அவர் நாற்காலியையும் அவரோடு சேர்த்துத் தள்ளினாள். "ஏய், ஏய், என்ன பண்றே" என்றார். சுவருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் கிடைத்ததும், அதில் நுழைந்து, குனிந்து, வலது காதில் சொன்னாள்.

"கைக்காசு போடறேன்னு சொன்னேன். நல்ல ரூம். வெந்நீர் ரெண்டு பக்கெட்டு."

அவர் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஆளுக்கு ரெண்டா, ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டா?"

அவள் மனசுக்குள் ஒரு நிமிஷம் பெருக்கிப் பார்த்தாள். பழக்கம் லேசில் விடுமா?

"ஆளுக்கு ரெண்டு" என்றாள்.